பெயரைக் கடைசியில் வையுங்கள், தம்பி

இந்த மாதம் வந்த கடிதங்களில் முக்கால்வாசி, சொந்தமாக ஒரு புதுச் சண்டைக்கலை உருவாக்கலாமா என்ற ஒரே விஷயத்தைச் சுற்றித்தான் இருந்தன. அதில் ஒன்றுக்கு நீளமாகப் பதில் சொல்லியே ஆக வேண்டும் என்று தோன்றியதால் இந்த இதழில் கேள்விகள் குறைவு. மற்றவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள், உங்கள் கடிதங்கள் பத்திரமாக இருக்கின்றன.

கேள்வி: வணக்கம் மாஸ்டர். எனக்கு 19 வயது, பி.காம் இரண்டாம் வருஷம். ஒன்பது வயதிலிருந்து எங்கள் ஊர் ஆசானிடம் சிலம்பம் கற்கிறேன். கராத்தேயில் போன வருஷம் கறுப்பு பெல்ட் வாங்கினேன். இரண்டு வருஷமாக எம்.எம்.ஏ. என்ற கலப்புச் சண்டை வீடியோக்கள் பார்த்து நண்பர்களோடு தரைச் சண்டையும் பழகுகிறேன். மூன்றையும் சேர்த்து ஒரு புதுச் சண்டைக்கலை உருவாக்க ஆசை. நோட்டில் நாற்பது உத்திகள் எழுதியிருக்கிறேன், அதிலிருந்து மூன்று பக்கம் இணைத்திருக்கிறேன். பெயரும் வைத்தாகிவிட்டது, நண்பன் லோகோ வரைந்து கொடுத்தான். கராத்தே மாஸ்டரிடம் சொன்னதற்கு, ‘முதல்ல இருக்கிறதை ஒழுங்காக் கத்துக்கோ’ என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். சிலம்ப ஆசான் ஒன்றும் சொல்லாமல் சிரித்தார். புரூஸ் லீ சின்ன வயதிலேயே செய்யவில்லையா? நான் செய்தால் என்ன தப்பு?
(பெயர் வெளியிட விரும்பாத வாசகர், கோவில்பட்டி)

பதில்: தப்பே இல்லை தம்பி. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் உங்கள் வயதில் நான் இதே கேள்வியைக் கேட்டபோது ‘அதிகப்பிரசங்கி’ என்ற ஒரு சொல்தான் பதிலாகக் கிடைத்தது. வயதைக் காட்டி யாராவது உங்களைத் தடுத்தால் ஜிகோரோ கானோவின் பெயரைச் சொல்லுங்கள். ஜூடோவை உருவாக்கியவர். 1882-ல் டோக்கியோவில் எய்ஷோஜி என்ற புத்தக் கோயிலில், பன்னிரண்டு பாய் விரிக்கக்கூடிய ஓர் அறையில் கோடோகான் என்ற தன் பயிற்சிப் பள்ளியை அவர் தொடங்கினார். அப்போது அவருக்கு 21 வயது. முதல் வருஷம் சேர்ந்த மாணவர்கள் ஒன்பது பேர். உங்களைவிட இரண்டே வயது மூத்தவர் செய்த காரியம் அது, 1964-ல் ஒலிம்பிக் வரைக்கும் போனது.

ஆனால் அந்த 21 வயதுக்கு முன்னால் என்ன நடந்தது என்று பாருங்கள். கானோ குள்ளம், ஐந்தடி இரண்டங்குலம்தான். பள்ளியில் தடியான பையன்களிடம் அடி வாங்கி, அதிலிருந்து தப்பிக்கத்தான் ஜுஜுட்சு என்ற பழைய ஜப்பானியச் சண்டைக்கலையைக் கற்க ஆசைப்பட்டார். 1877-ல் ஃபுகுதா ஹாச்சினோசுகே என்பவரிடம் சேர்ந்தார். அந்த ஆசிரியர் வாயால் விளக்குகிறவர் இல்லை. இந்த வீச்சில் கையை எங்கே வைக்கணும், கால் எங்கே போகணும் என்று கேட்டால், ‘வா’ என்று கூப்பிட்டு இன்னொரு தடவை தூக்கிப் போடுவார். எழுந்து வந்து மறுபடி கேட்டால் மறுபடி போடுவார். உடம்பு முழுக்கக் காயமும் மருந்துப் பூச்சுமாகத் திரிந்த காலம் அது.

அங்கே ஃபுகுஷிமா என்று ஒரு சீனியர். நல்ல பருமன், பலசாலி. கானோ என்ன செய்தாலும் அசையமாட்டார். விட்டுவிடலாம் என்று கானோவுக்குத் தோன்றவில்லை. சுமோ பிடிகளைக் கேட்டுத் தெரிந்துகொண்டு வந்து பார்த்தார், பலிக்கவில்லை. நூலகத்துக்குப் போய் மேல்நாட்டு மல்யுத்தப் புத்தகத்தைப் புரட்டினார். அதில் ஒரு தூக்கு இருந்தது. குனிந்து எதிராளியின் தொடைகளுக்கு நடுவே ஒரு கையை விட்டு, இன்னொரு கையால் அவன் கையைக் கீழே இழுத்து, அப்படியே ஆளைக் கழுத்துக்குப் பின்னால் இரண்டு தோளிலும் குறுக்காக ஏற்றிக்கொள்வது. நம் ஊரில் லோடுமேன் நெல் மூட்டையைத் தோளுக்கு ஏற்றுகிறாரே, அதே வாகு. நண்பர்களை வைத்துப் பழகிவிட்டு, ஒரு நாள் ஃபுகுஷிமாவைத் தூக்கிப் போட்டார். இன்றைக்கு ஜூடோவில் கதா குருமா, அதாவது தோள் சக்கரம் என்று சொல்கிற வீச்சுக்கு இதுதான் கதை.

உங்கள் கடிதத்தை நான்கு தடவை படித்தேன் தம்பி. நாற்பது உத்தி இருக்கிறது, பெயர் இருக்கிறது, லோகோ இருக்கிறது. உங்களால் யாரை ஜெயிக்க முடியவில்லை என்பது மட்டும் எங்கேயும் இல்லை. கானோவுக்கு ஒரு ஃபுகுஷிமா இருந்தார், தூக்கவே முடியாத ஓர் ஆள், கற்ற வித்தையெல்லாம் அவர் முன்னால் செல்லாக்காசு ஆனது. அதிலிருந்துதான் தேடல் தொடங்கியது. உங்கள் ஃபுகுஷிமா யார்? முதலில் அவரைக் கண்டுபிடியுங்கள்.

இன்னொன்றும் சொல்லணும். கோடோகானைத் தொடங்கியதோடு கானோ கற்பதை நிறுத்திவிடவில்லை. கித்தோ ரியூ என்ற பழைய முறையைக் கற்றுக்கொடுத்த இய்குபோ என்ற ஆசிரியர் அந்தக் கோயிலுக்கே வாரத்தில் இரண்டு மூன்று நாள் வந்து பாடம் நடத்தினார். ஒன்பது மாணவர்களுக்கு ஆசிரியராக இருந்த கானோ, இய்குபோ வந்தால் தானும் ஒரு மாணவராக நின்று வாங்கிக் கட்டிக்கொண்டார். அவர்கள் விழுந்து எழுகிற அதிர்ச்சியில் கோயிலில் வைத்திருந்த நினைவுப் பலகைகள் சரிந்து விழுந்தன, தரைக்கட்டை உடைந்தது, ராத்திரி விளக்கை எடுத்துக்கொண்டு கானோ தரைக்கு அடியில் ஊர்ந்துபோய் முட்டுக் கொடுத்துச் சரிசெய்வாராம். இப்படிச் சில வருஷம் போன பிறகு ஒரு நாள், எப்போதும் தன்னைத் தூக்கிப் போடுகிற இய்குபோவைக் கானோ வரிசையாகத் தூக்கிப் போட்டார். எப்படி என்று ஆசிரியர் கேட்க, எதிராளியை முதலில் இழுத்தோ தள்ளியோ நிலைகுலைய வைத்துவிட்டு, அந்த நொடியில் வீச வேண்டும் என்பதைத்தான் பல நாளாக ஆராய்ந்து வந்தேன் என்றார் கானோ. இனி உனக்குச் சொல்லிக்கொடுக்க என்னிடம் ஒன்றுமில்லை என்று அந்த ஆசிரியர் சொன்னார். ஜூடோவின் உயிர்நாடி அந்த நிலைகுலைப்புதான். அது கிடைத்தது பள்ளி தொடங்கிச் சில வருஷம் கழித்து என்பதைக் கவனியுங்கள்.

புரூஸ் லீயைக் கேட்டிருக்கிறீர்கள். அவர் 1940-ல் பிறந்தவர். ஹாங்காங்கில் பதின்வயதில் இப் மான் என்ற ஆசிரியரிடம் விங் சுன் என்ற சீனச் சண்டைமுறையைக் கற்றார், 1959-ல் அமெரிக்கா போனார். 1964-ல் ஓக்லாந்தில் வோங் ஜாக் மான் என்பவரோடு பூட்டிய அறைக்குள் ஒரு சண்டை. யார் ஜெயித்தார், எத்தனை நிமிஷம் நடந்தது என்று இன்றுவரை ஆளுக்கொரு கதை சொல்கிறார்கள், அதை விட்டுவிடுங்கள். அந்தச் சண்டை இழுத்துக்கொண்டே போனது, தனக்கு மூச்சு வாங்கியது, தான் கற்ற முறை தன்னைக் கட்டிப்போட்டது என்று புரூஸ் லீக்கே மனசு ஆறவில்லை என்பதுதான் முக்கியம். அதற்கப்புறம்தான் ஓட்டமும் உடற்பயிற்சியும் வெறியாக மாறின, குத்துச்சண்டையிலிருந்தும் வாள்வீச்சிலிருந்தும் எடுத்துச் சேர்க்க ஆரம்பித்தார். அவருடைய முறைக்கு ஜீத் குன் டோ என்ற பெயர் வந்தது 1967-ல். அந்தப் பெயரை வைத்ததற்கே பின்னால் வருந்தினார், பெயர் வைத்தவுடன் அது இன்னொரு கூண்டாகிவிடுகிறது என்ற கவலை அவருக்கு. அவருக்கும் முதலில் வந்தது மனசு ஆறாத கசப்புதான், பெயர் அதற்கு மூன்று வருஷம் பின்னால்.

என் கதையையும் சொல்ல வேண்டும். 26 வயதில் நானும் ஒன்றை உருவாக்கினேன். கம்போடு வருகிறவனை வெறுங்கையால் மடக்குகிற வரிசை, ஏழு பாடம். பார்க்க அழகாக இருக்கும். எதிராளி தலைக்கு நேராகக் கம்பை இறக்குவான், நாம் ஒரு எட்டு உள்ளே போய் மணிக்கட்டைப் பிடித்துத் திருப்புவோம், கம்பு கீழே விழும். ஒரு வருஷம் சொல்லிக்கொடுத்தேன். ஒவ்வொரு தடவையும் கம்பு விழுந்தது, ஏனென்றால் அடிக்கிறவனும் என் மாணவன், எங்கே அடிக்க வேண்டும், எந்த நொடியில் பிடியை விட வேண்டும் என்று அவனுக்கும் நான்தான் சொல்லிக்கொடுத்திருந்தேன். என்னிடம் படித்த பதினைந்து வயதுப் பையன் ஒருவன் கோயில் கொடைக்குச் சொந்த ஊர் போனபோது சித்தப்பா மகனிடம் கம்பைக் கொடுத்து, ‘அடி பார்ப்போம்’ என்றிருக்கிறான். அந்தப் பையன் நேராக இறக்கவில்லை, சாய்த்து வீசினான். சுண்டுவிரலை ஒட்டிய எலும்பு முறிந்துவிட்டது. மறு வாரம் மாவுக்கட்டோடு வந்து ஓரமாக உட்கார்ந்தான். ‘மாஸ்டர், நீங்க சொன்ன மாதிரிதான் பண்ணினேன்’ என்றான். குறையாகச் சொல்லவில்லை, தான் எங்கே தப்பு செய்தோம் என்று தெரிந்துகொள்ளக் கேட்டான். அவன் ஒரு தப்பும் செய்யவில்லை என்று சொல்ல எனக்கு வாய் வர வெகுநேரம் ஆனது. அன்றோடு ஏழு பாடத்தையும் நிறுத்தினேன். இன்றைக்கும் கம்பைக் கையில் எடுத்தால் அந்தக் கட்டுப் போட்ட கை கண்ணில் வரும்.

அதனால்தான் உங்கள் நோட்டுப் பக்கங்களைக் கொஞ்சம் கடுமையாகவே பார்த்தேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். சிலம்பக் காலடியில் உடம்பைச் சுழற்றித் திரும்பி அடிக்கிற மாதிரி ஆறு உத்தி வருகிறது. கம்பு கையில் இருக்கும்போது எதிராளி நான்கைந்து அடி தள்ளி நிற்கிறான், நீங்கள் சுழலும்போது கம்பும் சுழன்று உங்களுக்கு வேலி போடுகிறது. கம்பை எடுத்துவிட்டால் வேலி போய்விட்டது, இடைவெளியும் ஒரு கை நீளமாகச் சுருங்கிவிட்டது. அங்கே முதுகைக் காட்டித் திரும்பினால் மல்யுத்தம் தெரிந்த பையன் இடுப்பைக் கட்டிப் பின்னாலிருந்து தூக்கிவிடுவான். அப்புறம் நின்று உதைப்பது இருக்கிறது, தரையில் புரள்வது இருக்கிறது, நிற்கிறவன் எப்படித் தரைக்குப் போகிறான் என்பதற்கு ஒரு வரிகூட இல்லை. நடுவில் இருக்கிற அந்த ஒரு நொடிக்காகத்தான் ஜூடோக்காரரும் மல்யுத்தக்காரரும் ஆயுசையே செலவழிக்கிறார்கள். வீடியோவில் அது கண் சிமிட்டுவதற்குள் போய்விடும், பிடித்து இழுக்கிற கனம் உங்கள் கழுத்தில் விழுந்தால்தான் தெரியும்.

குத்துவரிசை என்ற சொல்லே உங்கள் கடிதத்தில் இல்லாததும் எனக்கு ஆச்சரியம். பத்து வருஷம் சிலம்பம் ஆடியவர் நீங்கள். கம்பின் வழியாக வந்த காலடியும் கணக்கும் வெறுங்கையில் எப்படி மாறும் என்பதற்கு நம் வாத்தியார்கள் வைத்திருக்கிற பாடம் அது. கம்பில் கை திருந்திய பிறகுதான் அதைத் திறப்பது என்று வைத்திருக்கிற ஆசான்கள் பல பேர். நீங்கள் நோட்டுப் போட்டுத் தேடுகிற விஷயத்தில் பாதி உங்கள் ஆசான் கையிலேயே இருக்கலாம், அவர் சிரித்தது அதனால்கூட இருக்கலாம். நாளைக்கே போய், ‘ஆசானே, குத்துவரிசை சொல்லித் தாங்க’ என்று கேளுங்கள்.

சரி, என்ன செய்யலாம்? பக்கத்தில் ஜூடோ, மல்யுத்தம், குத்துச்சண்டை இதில் எது நல்ல பயிற்சியாளரோடு கிடைக்கிறதோ அதில் போய்ச் சேருங்கள், கறுப்பு பெல்ட்டை வீட்டில் வைத்துவிட்டு முதல் நாள் மாணவனாகப் போங்கள். இரண்டு வருஷம். அங்கே உங்கள் நோட்டைப் பற்றித் தெரியாத, உங்களை ஜெயிக்கவிட வேண்டிய அவசியமில்லாத ஆட்கள் கிடைப்பார்கள். நாற்பது உத்தியையும் ஒவ்வொன்றாக அவர்களிடம் ஓசைப்படாமல் போட்டுப் பாருங்கள். பலிக்காததைக் கோடு போட்டு அடியுங்கள், ஆனால் கிழித்துப் போடாதீர்கள், ஏன் பலிக்கவில்லை என்று பக்கத்திலேயே எழுதுங்கள். கத்தியைத் தட்டிப் பறிக்கிற உத்தி ஒன்று எழுதியிருக்கிறீர்கள். அதற்கு ஒரு சோதனை இருக்கிறது. வெள்ளைப் பனியன் போட்டுக்கொண்டு, நண்பன் கையில் ஒரு சிவப்பு மார்க்கர் பேனாவைக் கொடுத்து, அரை நிமிஷம் இஷ்டப்படி குத்தச் சொல்லுங்கள். அப்புறம் பனியனில் இருக்கிற கோடுகளை எண்ணுங்கள். வயிற்றில் எத்தனை, கழுத்துப் பக்கம் எத்தனை. அந்தப் பனியனைத் துவைக்காமல் நோட்டோடு சேர்த்து வையுங்கள்.

இதைக் கண்டிப்பாகச் சொல்கிறேன்: கழுத்தை இறுக்கும் பிடிகளை வீடியோ பார்த்து நண்பர்கள் மேல் பழகவே கூடாது. ரத்த ஓட்டம் தடைபட்டால் சில நொடிகளில் மயக்கம் வரும், விடத் தெரியாதவன் பிடித்திருந்தால் உயிருக்கே ஆபத்து. தெரிந்த பயிற்சியாளர் பக்கத்தில் நிற்க வேண்டும், பிடிபட்டவன் ‘போதும்’ என்று கையால் தட்டினால் அந்த நொடியே விட வேண்டும். இதில் மட்டும் எனக்கு இரண்டாவது பேச்சு கிடையாது.

பெயரைப் பற்றி ஒன்று. ஒகினாவாவிலிருந்து 1922-ல் டோக்கியோ வந்து கராத்தேயைச் செய்து காட்டினார் கிச்சின் ஃபுனகோஷி, ஐம்பதைத் தாண்டிய வயதில். தன் முறைக்கென்று அவர் ஒரு பெயர் வைக்கவில்லை. கவிதைக்கு அவர் வைத்திருந்த புனைபெயர் ஷோட்டோ, பைன் மரத்தில் காற்று புகும் ஓசை என்று பொருள். மாணவர்கள் காசு சேர்த்துக் கட்டிய பயிற்சிக்கூடத்துக்கு ஷோட்டோவின் கூடம், ஷோட்டோகான் என்று அவர்களே பலகை மாட்டினார்கள். கோடிக்கணக்கான பேர் இன்று சொல்கிற பெயர் அப்படி வந்தது. உங்கள் லோகோவையும் பத்திரமாக வையுங்கள், நண்பன் ஆசையாக வரைந்தது. இரண்டு வருஷம் கழித்து நோட்டில் மூன்று உத்தி மிஞ்சியிருந்தாலும் எனக்கு எழுதுங்கள், நானே வந்து பார்க்கிறேன்.

கேள்வி: என் மகனுக்கு 17 வயது. பிளஸ் டூ முடித்ததும் கல்லூரிக்குப் போகமாட்டேன், சொந்தமாக ஒரு தற்காப்புக் கலை தொடங்கி வகுப்பு நடத்துவேன் என்கிறான். அவன் அப்பா கம்பை முறித்துப் போட்டுவிட்டார். நான் யார் பக்கம் பேசுவது?
(ஒரு தாய், திருப்பூர்)

பதில்: முறித்த கம்புக்குப் பதிலாக ஒரு புதுக் கம்பு வாங்கிக் கொடுங்கள் அம்மா, அதை உங்கள் வீட்டுக்காரர் கையாலேயே கொடுக்க வைத்தால் இன்னும் நல்லது. பையன் கலையை விடவும் வேண்டாம், கல்லூரியை விடவும் வேண்டாம். மேலே சொன்ன கானோ டோக்கியோ பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டேதான் ஜுஜுட்சு கற்றார். கோடோகான் தொடங்கிய அதே 1882-ல் ஒரு பள்ளியில் ஆசிரியர் வேலைக்கும் சேர்ந்தார். அந்த மாதிரி வெளி வருமானத்தில்தான் பயிற்சிக்கூடம் ஓடியது, கூடவே தங்கிய மாணவர்கள் சாப்பிட்டார்கள். வகுப்பையே நம்பிப் பிழைக்கிறவன் மாதக் கட்டணத்துக்காக மாணவர்களைத் தக்கவைத்தாக வேண்டும், பலிக்காத உத்தியைப் பலிக்கவில்லை என்று அவர்களிடம் ஒப்புக்கொள்ள அவனுக்குத் துணிச்சல் வராது. வேறு வருமானம் இருக்கிறவனுக்கு வரும். இதை மகனிடம் இப்படியே சொல்லுங்கள், புரிந்துகொள்வான்.

17 வயதில் தனியாக வகுப்பு எடுப்பது வேண்டாம். அடுத்த வீட்டுப் பிள்ளையின் கழுத்துக்கும் முட்டிக்கும் பொறுப்பேற்கிற வேலை அது. இப்போது கற்கிற இடத்திலேயே சின்னப் பிள்ளைகளுக்குச் சொல்லித்தரும் உதவியாளராக இருக்கட்டும், முதலுதவிப் பயிற்சி ஒன்று முடிக்கட்டும்.

கேள்வி: என்னிடம் எட்டு வருஷம் படித்த மாணவன், நான் சொல்லிக்கொடுத்ததையே கொஞ்சம் மாற்றி, வேறு பெயர் போட்டு, பக்கத்துத் தெருவில் வகுப்பு நடத்துகிறான். பத்தாம் டான், அதாவது கறுப்பு பெல்ட்டிலேயே உச்சப் படி, என்று பேனரில் போட்டிருக்கிறான். வயிறு எரிகிறது.
(ஒரு கராத்தே ஆசிரியர், நாகர்கோவில்)

பதில்: எரியத்தான் செய்யும் அண்ணாச்சி. எட்டு வருஷம் விடியற்காலையில் எழுந்து ஒரு பிள்ளையைச் செதுக்கியவருக்குத்தான் அது தெரியும். ஆனால் இரண்டு விஷயத்தைப் பிரித்துப் பாருங்கள். பிரிந்து போனது வேறு, பத்தாம் டான் வேறு.

பிரிந்து போவது இந்தத் துறையில் எப்போதும் நடப்பது. ஃபுனகோஷியிடம் கற்ற ஹிரோனோரி ஒட்சுகா, தான் ஏற்கெனவே கற்றிருந்த ஜுஜுட்சுவை அதோடு சேர்த்து 1934-ல் வாடோ ரியூ என்று தனியாகப் போனார். இன்றைக்கு இரண்டுமே கராத்தேயின் பெரிய பிரிவுகள். போகிறவன் எங்கிருந்து எடுத்தேன் என்று சொல்லிவிட்டுப் போனால் யாருக்கும் நஷ்டமில்லை. கானோ அப்படித்தான் செய்தார், இய்குபோவிடம் கற்ற கித்தோ ரியூ வரிசையைக் கோஷிக்கி நோ கதா என்று கோடோகானில் அப்படியே காப்பாற்றி வைத்தார். இன்னொன்று எனக்கு ரொம்பப் பிடித்த கதை. 1951-ல் ரியோவின் மரக்கானா மைதானத்தில் பிரேசிலின் ஹீலியோ கிரேசியும் ஜப்பானின் மசாஹிகோ கிமுராவும் மோதினார்கள். கிமுரா போட்ட கைப்பூட்டில் ஹீலியோவின் கை முறிந்தது, அவர் விட்டுக்கொடுக்கவில்லை, அண்ணன் துண்டை வீசித்தான் நிறுத்த வேண்டியிருந்தது. தோற்றுப் போனவர்களின் பள்ளியில், அதாவது பிரேசில் ஜுஜுட்சுவில், அந்தப் பூட்டுக்கு இன்றுவரை கிமுரா என்றுதான் பெயர். எதிரியிடம் வாங்கிய அடிக்கே பெயர் சொல்கிறார்கள் என்றால், சொந்த ஆசானின் பெயரைச் சொல்ல உங்கள் மாணவனுக்கு என்ன குறை? இதை அவனிடம் நேரில் கேளுங்கள், ஆள் மூலம் சொல்லி அனுப்பாதீர்கள்.

பத்தாம் டான் விஷயத்தில் நான் முழுக்க உங்கள் பக்கம். அது இன்னொருவர் பார்த்து, சோதித்துத் தர வேண்டியது. தானே எடுத்து மாட்டிக்கொண்டால், அதை நம்பிப் பிள்ளையைக் கொண்டுவந்து விடுகிற பெற்றோரை ஏமாற்றுவதாகும். அதையும் அவனிடம் சொல்லுங்கள், அவன் மாணவர்கள் இல்லாத நேரமாகப் பார்த்து.

கேள்வி: எனக்கு 22 வயது, மாவட்ட அளவில் சிலம்பம் ஆடியிருக்கிறேன். போன மாதம் நெரிசலான டவுன் பஸ்ஸில் பின்னாலிருந்து ஒருவன் என் இடுப்பில் கை வைத்தான். பத்து வருஷம் கற்ற எதுவும் அந்த இடத்தில் வரவில்லை, கம்பும் இல்லை, திரும்ப இடமும் இல்லை. கையில் குடை இருந்தது, அதையும் தூக்க முடியவில்லை. குடையை வைத்துப் பெண்களுக்கென்றே ஒரு குறுந்தடிப் பயிற்சி உருவாக்கலாமா? இது அதிகப்பிரசங்கித்தனமா?
(ஒரு வாசகி, மதுரை)

பதில்: இல்லை தங்கச்சி. இந்த மாதம் வந்ததில் நான் இரண்டு நாள் கையிலேயே வைத்துக்கொண்டிருந்த கடிதம் உங்களுடையதுதான். அந்தப் பஸ்ஸில் கை வராமல் போனதற்கு உங்கள் மேல் ஒரு குற்றமும் இல்லை. சிலம்பம் திறந்த வெளியில் வளர்ந்த கலை, நெற்றி உயரக் கம்பு சுழல இடம் வேண்டும். நீங்கள் நின்ற இடம் ஒன்றரை அடி அகலம். உடம்பு தனக்குப் பழக்கமில்லாத இடத்தில் திகைத்து நின்றது, அவ்வளவுதான். கோவில்பட்டித் தம்பியிடம் நான் கேட்டது உங்களிடம் இருக்கிறது: ஒரு இடம், ஒரு ஆள், பலிக்காமல் போன ஒரு நிமிஷம். தொடங்குங்கள்.

கானோவின் முதல் ஆசிரியர் ஃபுகுதா என்று சொன்னேன் அல்லவா, அவருக்கு ஒரு பேத்தி, கெய்கோ ஃபுகுதா. கானோவே அழைத்து 1935-ல் ஜூடோவில் சேர்ந்தார். ஐந்தடிகூட இல்லாத உருவம். பெண்களுக்கு ஐந்தாம் டானுக்கு மேல் கிடையாது என்று பல வருஷம் அவரை அங்கேயே நிறுத்தி வைத்திருந்தார்கள், 1972-ல்தான் ஆறாவது கிடைத்தது. விடவில்லை. சான் பிரான்சிஸ்கோவில் பெண்களுக்குச் சொல்லிக்கொடுத்துக்கொண்டே இருந்தார். 2011-ல் அமெரிக்க ஜூடோ அமைப்பு அவருக்குப் பத்தாம் டான் கொடுத்தபோது வயது 98. பேனரில் போட்டுக்கொள்கிற பத்தாம் டானுக்கும் இதற்கும் உள்ள தூரத்தை நாகர்கோவில் அண்ணாச்சியும் கவனிக்கட்டும்.

இப்போது வேலை. வீட்டில் நான்கு நாற்காலியை இரண்டிரண்டாகப் போட்டு நடுவே பஸ் நடைபாதை அளவுக்கு வழி விடுங்கள். தோழிகள் ஐந்தாறு பேர் நெருக்கி நிற்கட்டும், இரண்டு பேர் தோளில் பை மாட்டியிருக்கட்டும். உங்கள் ஒரு கை மேலே கம்பியைப் பிடித்திருக்க வேண்டும், இன்னொரு கையில் குடை. உங்களைவிடக் கனமான ஒருவர், தம்பியோ அண்ணனோ, பின்னாலிருந்து வரட்டும், எப்போது வருவேன் என்று சொல்லாமல், விட்டுக்கொடுக்காமல். குடையை உயர்த்த இடம் இருக்காது என்பது முதல் பத்து நிமிஷத்திலேயே தெரிந்துவிடும். நடுவில் பிடித்து, பிடியின் பக்கத்தைப் பின்னால் இடிக்க முடிகிறதா, பாதத்தின் மேல் ஊன்ற முடிகிறதா, முழங்கை எவ்வளவு தூரம் போகிறது என்று பாருங்கள். சத்தம் போடுவதையும் சேர்த்துப் பழகுங்கள். கண்டக்டரைக் கூப்பிட்டு, ஆளைச் சுட்டிக்காட்டி, சட்டை நிறத்தைச் சொல்லிக் கத்துவது. அடிப்பதைவிட அதற்குத்தான் நம் பெண்களுக்குக் கூடுதல் பயிற்சி தேவைப்படுகிறது, குரல் தொண்டையிலேயே நின்றுவிடுகிறது என்று என் வகுப்புப் பெண்கள் பல பேர் சொல்லியிருக்கிறார்கள். பெண்களுக்கென்று தனியாகச் செய்தாலும் சோதிக்கிற ஆளைப் பலவீனமாக மட்டும் வைத்துவிடாதீர்கள்.

மழைக்கு எடுத்துப் போகிற மடக்குக் குடையா, நீளக் குடையா என்று நீங்கள் எழுதவில்லை. இரண்டையும் வைத்து ஒரு மாதம் பழகிப் பார்த்துவிட்டு, எது எந்த இடத்தில் சிக்கியது என்று எழுதுங்கள். டவுன் பஸ்ஸில் போகும்போது இரண்டு சீட்டுக்கு நடுவில் உள்ள வழியையும் ஒரு நாள் கையால் அளந்து வாருங்கள், எத்தனை சாண் என்று எனக்குத் தெரிய வேண்டும். என் வகுப்பிலும் நாற்காலி போட்டுப் பார்க்கிறேன்.